பைப் வாயில ஒரு புஷ்

போன கிழமை சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல்லு மில்லுல இருந்து கோல் வந்திச்சி. "தம்பி, மோட்டரத் தொட்டா சுரீரெண்டு அடிக்கிது, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க"ண்டு ஹாஜியார் சொன்னாரு. நான் களுவாஞ்சிகுடியில கையில வெச்சிருந்த வேலைய அப்பிடியே விட்டுட்டு, "ஹாஜியார், மெயின ஓஃப் பண்ணுங்க, நான் வாற வரைக்கும் ஒருத்தரும் கிட்டப் போக வேணாம்"ண்டு சொல்லிட்டு பைக்க எடுத்திட்டன். போற வழியெல்லாம் நெஞ்சு திக்குத்திக்கெண்டுதான் இருந்திச்சி, ஏனெண்டா அது புழுங்கல் நெல்லு அவிக்கிற மில், தரை எந்த நேரமும் ஈரம், அங்க வேலை செய்யிற பொடியன்மார் வெறுங்காலோடதான் நிப்பாங்க. அண்டைக்கு மோட்டர்ல கை வெச்ச பொடியன் ரப்பர் செருப்புப் போட்டிருந்தான். அதாலதான் கையில ஒரு உதறலோட தப்பினான்.

போய் மோட்டர்ல இருக்கிற கனெக்சன் பொக்ஸத் திறந்தன். திறந்த உடனயே விளங்கிட்டு. வயர் வாற ஃபிளெக்சிபிள் பைப்பு, அதான் வளையிற உலோகப் பைப்பு, பொக்ஸுக்குள்ள போற ஓட்டையில ஒண்டுமே இல்ல, வயர் உரசாமக் காக்கிற வளையமான புஷ் இல்ல, பைப்ப இறுக்கிப் புடிக்கிற கிளாண்ட் இல்ல, வெறும் தகட்டு ஓட்டை, அதுக்கு மேல யாரோ கறுத்த டேப்பு நாலு சுத்துச் சுத்தி வெச்சிருக்காங்க. டேப்ப உரிச்சிப் பாத்தா மூண்டு வயர்ல ஒண்டுட தோல் அரைவட்டமாச் செதுக்கின மாதிரித் தேஞ்சி கிடக்கு, உள்ளுக்க செப்பு ஒரு அரிசி மணி அகலத்துக்கு மினுங்குது, அதுக்கு நேர தகட்டு விளிம்பு கறுத்துப் போய்க் கிடக்கு. விரல வெச்சித் தடவினன், பிளேடு மாதிரி பிசிறு. ட்ரில் போட்டு ஓட்டை எடுத்த ஆள் அரத்தால ரெண்டு தரம் இழுத்திருந்தாலே போயிருக்கும் அந்தப் பிசிறு.

ஒண்ட விளங்கிக் கொள்ளணும், நாம வழமையாப் பாவிக்கிற 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், அதான் கடையில 7/0.67 எண்டு கேட்டு வாங்குறது, அதுட பீவீசி தோல் 0.8 மில்லிமீட்டர்தான். இந்த மில்லுல போட்டிருந்த 4 சதுரமும் பெரிசா வித்தியாசம் இல்ல. ஒரு மில்லிமீட்டரும் இல்லாத அந்தத் தோல்தான் 230 வோல்ட்டுக்கும் நம்மட கைக்கும் இடையில நிக்கிது. வீட்டுச் சுவருக்குள்ள வயர் அசையாமக் கிடக்கும், ஆனா மில்லுல மோட்டர் ஓடுற நேரமெல்லாம் பொக்ஸும் அதிரும், பைப்பும் அதிரும், வயர் அந்த விளிம்புல உரசிக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு போகத்துக்கும் வெள்ளாமை வெட்டினாப் பிறகு இராப்பகலா மில் ஓடுது, எத்தின நாளைக்குத் தாங்கும்?

இதில எனக்குக் கனக்கக் கவலை தந்த விசயம் வேற. ஹாஜியாரிட்டக் கேட்டுக் கேட்டுத்தான் முழுக்கதையும் வந்திச்சி. ரெண்டு மாசத்துக்கு முதல் ட்ரிப் ஸ்விச், அதான் கரண்ட் எர்த்துக்கு ஒழுகினா தானாவே லைன வெட்டுற ஸ்விச், அடிக்கடி விழத் தொடங்கியிருக்கு. நெல்லுக் குவிஞ்சி கிடக்கிற நேரம், லொறி வாசல்ல நிக்கிது, இவங்க ஒரு ஆளக் கூப்பிட்டிருக்காங்க, அவர் வந்து "ட்ரிப் ஸ்விச் பழுது"ண்டு சொல்லி அத விட்டுட்டு லைன டைரக்ட்டாக் குடுத்திட்டுப் போயிட்டாரு. அது பழுதே இல்ல. தேஞ்ச வயர் பொக்ஸில முட்டி, கரண்ட் ஃபிளெக்சிபிள் பைப்பு வழியா எர்த்துக்கு ஒழுகிச்சி, அந்த ஒழுக்க ட்ரிப் ஸ்விச் சரியாப் புடிச்சி விழுந்திச்சி, தன்ட வேலையச் செஞ்சிச்சி. மறுகா அதிர்வுல அந்த ஃபிளெக்சிபிள் பைப்பும் பொக்ஸ விட்டுக் கழண்டு வந்திட்டு. மோட்டருக்கு எர்த்தெண்டு இருந்தது அந்தப் பைப்பு மட்டும்தான், தனி எர்த் வயர் ஓடல்ல. மோட்டர் பலகைக் கட்டையில பூட்டிக் கிடக்கு. அப்ப ட்ரிப்பும் இல்ல, எர்த்தும் இல்ல, மோட்டர்ட உடம்பு முழுக்கக் கரண்ட், தொடுற ஆள்தான் எர்த்து.

எல்லாம் தொடங்கினது அந்த ஓட்டையில ஒரு புஷ் இல்லாததாலதான்.

புஷ்ஷெண்டா என்னெண்டு கேக்கிறாக்களுக்குச் சொல்றன். கொண்டியூட், அதான் வயர் இழுக்கிற பைப்பு, பொக்ஸுக்குள்ள போய் முடியிற வாயில பூட்டுற சின்ன வளையம், வாய்ப்பக்கம் உருண்டையா வழுவழுப்பா இருக்கும், வயர் அதில உரசினாலும் தோல் போகாது. பீவீசியிலயும் வரும், பித்தளையிலயும் வரும். இரும்புக் கொண்டியூட்டுக்கு நம்மட நாட்டுல பழைய வயரிங் பாஸ்மார் போடுற முறை பிரிட்டிஷ் முறை, பைப்பு முனையில கபுளர் ஒண்ட, அதான் உள்ளுக்க மரை வெட்டின குட்டிக் குழாய் ஒண்ட, மரை சுத்தி ஏத்தி, அத பொக்ஸுட வெளிப்பக்கம் வெச்சி, உள்ளுக்க இருந்து பிராஸ் புஷ்ஷ அந்தக் கபுளருக்குள்ள இறுக்குவாங்க, பொக்ஸுட தகடு ரெண்டுக்கும் நடுவுல நசிஞ்சி நிக்கும். வயருக்குப் பாதுகாப்பு, பைப்புக்கும் பொக்ஸுக்கும் எர்த்துத் தொடர்பு, ரெண்டும் ஒரே சாமானில. ஆனா ஓட்டையச் சுத்தி பெயின்ட்டச் சுரண்டிட்டுப் பூட்டணும், பெயின்ட்டுக்கு மேல பூட்டினா பைப்பு இறுக்கமா நிக்கும், எர்த்து போகாது. எனக்கு வேலை பழக்கின மாமா பெயின்ட் சுரண்டாமப் பூட்டினத கண்டா கழட்டி மறுகா பூட்ட வெப்பாரு, எத்தின மணியானாலும் சரி.

சவூதியில வேலை செஞ்ச காலத்தில ஒரு சைட்ல அமெரிக்க முறைதான், அங்கதான் முதல் தரம் எர்த் புஷ்ஷக் கண்டன். உலோக வளையம், உள்வாயில பிளாஸ்டிக் பதிச்சிருக்கும், பக்கத்தில ஒரு ஸ்குரூ பைப்ப இறுக்கிக் கடிச்சிப் புடிக்கும், அதோட எர்த் வயர் முனையப் பூட்டுறதுக்கெண்டே லக் எண்டு ஒரு உலோகக் காது வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். அமெரிக்காட வயரிங் சட்டப் புத்தகம் என்ஈசி, 1897ல முதல் வந்தது, இப்ப மூண்டு வருஷத்துக்கு ஒருக்காத் திருத்துறாங்க, அதில அமெரிக்க அளவில 4 கேஜும் அதவிடத் தடிச்சதுமான வயருக்கு, அதாவது கிட்டத்தட்ட 21 சதுர மில்லிமீட்டரும் அதுக்கு மேலயும், பைப்பு வாயில வழுவழுப்பான காப்பு இருக்கணும் எண்டு கிடக்கு. மெயின் சப்ளை வாற பைப்புக்கு சும்மா லொக் நட்ட, அதான் பைப்பத் தகட்டோட இறுக்கிற நட்ட, மட்டும் நம்பி எர்த் எடுக்க ஏலாதெண்டும் கிடக்கு. ஏனெண்டா அங்க பொக்ஸுகள்ள ஓட்டை வளையம் வளையமா வெட்டி வெச்சிருப்பாங்க, வேணுமான அளவுக்குத் தட்டி எடுக்கிறது, மிஞ்சின வளையம் நூல் மாதிரித் தகட்டுலதான் தொங்கும், பெரிய கரண்ட் ஒண்டு எர்த்துக்கு ஓடினா அந்த இடம் தாங்காது. அதுக்குத்தான் எர்த் புஷ்ஷப் போட்டு அதில இருந்து வயர் இழுத்து, எர்த் வயரெல்லாம் சேருற எர்த் பாருக்குக் குடுக்கிறது. இன்னொண்டு, முழுப் பிளாஸ்டிக் புஷ்ஷெண்டா அது வயருக்குக் காப்பு மட்டும்தான், பைப்பப் புடிச்சி நிப்பாட்டுற வேலைய அதுக்குக் குடுக்கக் கூடாது, தகட்டுக்கு ரெண்டு பக்கமும் லொக் நட் இறுக்கினாப் பிறகுதான் அதப் போடுறது.

இஞ்ச எல்லாத்துக்கும் அந்த அமெரிக்கச் சாமான் தேவையில்ல, கல்முனையில, மட்டக்களப்பு டவுன்ல கபுளர், பிராஸ் புஷ், லொக் நட், எர்த் டேக்கெல்லாம் கேட்டு எடுக்கலாம். 20 மில்லிமீட்டர் பைப்புக்கு ஒரு புஷ்ஷுக்குப் போற சல்லி பெரிய சல்லியே இல்ல.

எர்த்தெண்டா நிலத்தில ஒரு ரொட்ட, அதான் உலோகக் கம்பிய, அடிச்சா முடிஞ்சிதெண்டு நினைக்கிறாக்கள்தான் நம்மட பக்கம் கூட. வாவிக்கும் கடலுக்கும் நடுவுல உள்ள எழுவான்கரை முழுக்க மணல். கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல மேல்மணல் காஞ்சி பொடியாக் கிடக்கும், நாலடி ரொட்ட அதுக்குள்ள அடிச்சா ஒரு பிரயோசனமும் இல்ல, தண்ணி ஊறுற ஆழம் வரைக்கும் போகணும். ஒரு கணக்கப் பாருங்க, எர்த்துட தடை 20 ஓம் எண்டு வைங்க, 230ஐ 20ஆல பிரிச்சா 11.5 அம்பியர். மோட்டருக்கு 32 அம்பியர் பிரேக்கர் போட்டிருந்தா அது அசையவே அசையாது, மோட்டர் உடம்புல கரண்ட் அப்பிடியே நிக்கும். 30 மில்லி அம்பியர்ல விழுற ட்ரிப் ஸ்விச் இருந்தாத்தான் அந்த ஒழுக்கப் புடிக்கும். அதால ட்ரிப் ஸ்விச் விழுந்தா அதுக்குக் காரணத்தத் தேடுங்க, தயவு செஞ்சி டைரக்ட் பண்ணாதீங்க, பண்ணித் தாறண்டு ஒரு ஆள் வந்தா அவர வீட்டுக்குள்ள எடுக்காதீங்க.

மில்லுல நான் செஞ்ச வேலை இதுதான். பழைய வயர மெகர்ல, அதான் வயர்த் தோலுட காப்ப அளக்கிற மீட்டர்ல, 500 வோல்ட் குடுத்துப் பாத்தன், ஆகக் குறைஞ்சது 1 மெகாஓம் வரவேணும், 0.02தான் காட்டிச்சி. முழுக்க இழுத்து எடுத்திட்டன், ஒட்டுப் போடல்ல. ஓட்டைய வட்ட அரத்தால சுத்திவர ராவி, விரல்ல தடவிப் பாத்து, வெள்ளைத் துணியால ஒருக்காத் துடைச்சன், பிசிறு கிடந்தா நூல் மாட்டும். புது ஃபிளெக்சிபிளுக்கு அதுக்குரிய பித்தளை அடப்டரே ரெண்டு பக்கமும் போட்டு லொக் நட் இறுக்கி, வாயில புஷ் போட்டன். உள்ளுக்கால மூண்டு ஃபேஸோட பச்சை மஞ்சள் எர்த் வயர் ஒண்டையும் 4 சதுரத்திலேயே இழுத்து மோட்டர்ட எர்த் போல்ட்டுல லக் அடிச்சிப் பூட்டினன். ஃபிளெக்சிபிள் பைப்ப எர்த்தாப் பாவிக்கக் கூடாதெண்டு நம்மட நாட்டுல அடிப்படையா எடுக்கிற பிரிட்டிஷ் வயரிங் விதிப் புத்தகம் பீஎஸ் 7671லயே இருக்கு, இது என்ட சொந்தக் கருத்தில்ல. கடைசியா ட்ரிப் ஸ்விச்ச லைனுக்குள்ள கொண்டு வந்து, மோட்டர ஓட விட்டு அரை மணித்தியாலம் பக்கத்தில நிண்டன். விழல்ல.

ஹாஜியார் தேத்தண்ணி ஊத்தித் தந்தாரு, "இந்தச் சின்ன வளையத்துக்காகவா தம்பி இவ்வளவும்"ண்டு கையில வெச்சிப் பிரட்டிப் பிரட்டிப் பாத்தாரு. மறுகா அந்தப் பொடியனக் கூப்பிட்டு அவன்ட கையிலயும் குடுத்தாரு.

வீட்டு ஆக்களுக்கும் ஒண்டு சொல்லணும். வளவுக் கிணத்தடியில தண்ணி மோட்டர் இல்லாத வீடே இஞ்ச இல்ல, கன இடத்தில அதுக்கு வயர் போறது தோட்டத்துக்குத் தண்ணி அடிக்கிற ஹோஸுக்குள்ளால, மோட்டர்ட பொக்ஸ் ஓட்டை வெறும் ஓட்டை, மழைக்கும் வெயிலுக்கும் அப்பிடியே கிடக்கும். கடலோரத்தில உப்புக் காத்து இரும்பு லொக் நட்டத் திண்டிரும், அங்க பீவீசி கொண்டியூட்டும் கிளாண்ட்டும்தான் நல்லம், ஆனா பீவீசியில எர்த் போகாது எண்டதால எர்த் வயர் கட்டாயம் உள்ளுக்கால போகணும். சுனாமிக்குப் பிறகு அவசரத்தில கட்டின வீடுகள் சிலதில நான் ஸ்விச் பிளேட்டக் கழட்டிப் பாத்திருக்கன், சுவருக்குள்ள இரும்புப் பொக்ஸ், பைப்ப சும்மா செருகி விட்டிருக்கு, வாயில ஒண்டும் இல்ல, பொக்ஸுக்குள்ள இருக்கிற எர்த் ஸ்குரூவில வயரும் இல்ல. அந்த வீடுகள் 20 வருஷம் தாண்டிட்டு இப்ப. மெயின ஓஃப் பண்ணிட்டு தெரிஞ்ச ஒரு ஆளக் கொண்டு ரெண்டு பிளேட்டையாவது கழட்டிப் பாக்கச் சொல்லுங்க.

அந்த மில்லுல இன்னும் பொலிஷர் மோட்டரும் எலிவேட்டர் மோட்டரும் கிடக்கு, அதுகளையும் அதே ஆள்தான் பூட்டினதாம். வாற வெள்ளிக்கிழமை மில் பூட்டு, விடியவே வரச் சொல்லியிருக்காரு. புஷ் பன்னிரண்டும் லொக் நட் இருபத்துநாலும் நேத்தே எடுத்து பேக்குல போட்டிட்டன், வட்ட அரம் மட்டும் தேஞ்சிட்டு, புதுசு ஒண்டு வாங்கணும்.