கடைசிக் கேள்விக்கு மாஸ்டர் போட்ட ‘இல்லை’

சேலத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் 18 வருடமாக மாஸ்டராக இருக்கிறேன். அதற்கு முன்னால் டூரிஸ்ட் டாக்சி ஓட்டினேன். காலை ஆறு மணிக்கு அஸ்தம்பட்டி, கோரிமேடு பக்கம் கார் பழக்குவது பாதி வேலை. மீதி வேலை கம்ப்யூட்டர் முன்னால். எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் லைசென்ஸ், போட வருகிறவர்களுக்கு ‘சாரதி’ என்கிற அரசாங்க இணையதளத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

அதில் படிவம் 1 என்று ஒன்று வரும். உடல் தகுதி பற்றி விண்ணப்பிக்கிறவரே கொடுக்கும் உறுதிமொழி. வலிப்பு உண்டா, திடீரென்று மயக்கமோ தலைசுற்றலோ வருமா, 25 மீட்டர் தூரத்தில் நிற்கிற காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா, நிறங்கள் பிரித்துத் தெரியுமா, மாலைக்கண் உண்டா என்று கேள்விகள் போகும். எதற்கு ‘ஆம்’, எதற்கு ‘இல்லை’ என்பது எனக்கு மனப்பாடம். எதிரே உட்கார்ந்திருப்பவரை நிமிர்ந்து பார்க்காமலே தட்டிவிடுவேன். ஒருவருக்கு இரண்டு நிமிடம் ஆகாது. அந்த வேகத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

2019-ல் ஒரு பெண் ஸ்கூட்டர் லைசென்ஸுக்கு வந்தார். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவர். நான் தட்டிக்கொண்டே போகும்போது, “மாஸ்டர், கடைசியா இருக்கறத ஒருக்கா படிங்க” என்றார். படித்தேன். பொதுமக்களுக்கு ஆபத்தாக வண்டி ஓட்ட நேரும்படி வேறு நோயோ குறைபாடோ உண்டா, இருந்தால் விவரம் தருக. அவர் குரலைத் தாழ்த்தி, தனக்கு இருமுனைக் கோளாறு (பைபோலார் என்கிற மனநலக் கோளாறு) என்றும் ஐந்து வருடமாக மாத்திரை சாப்பிடுவதாகவும், ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்க அவ்வப்போது ரத்தம் கொடுப்பதாகவும் சொன்னார்.

“அதெல்லாம் எதுக்கும்மா? போட்டா அப்ளிகேஷன் அப்படியே நின்னுடும்” என்று சொல்லி ‘இல்லை’யைத் தட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பழகினார், எட்டுப் போட்டார், பிரேக் இன்ஸ்பெக்டர் பாஸ் போட்டார். எனக்கும் அது மறந்துபோனது.

அடுத்த வருடம் கொரோனா. மாதக்கணக்கில் ஸ்கூல் மூடிக் கிடந்தது. வண்டிக் கடன், வீட்டு வாடகை, அப்பாவின் சாவு எல்லாம் சேர்ந்து வந்தன. அந்தக் கதை எல்லா வீட்டிலும் உண்டு, விடுங்கள்.

2022 ஆரம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லைசென்ஸ் வாங்கிய பிறகு சிலர், “மலைக்கு ஒருக்கா கூட்டிட்டுப் போங்க மாஸ்டர்” என்பார்கள். அப்படி ஒரு பேங்க்காரரோடு ஏற்காடு போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறிய கியரிலேயே இறங்கணும், ஏறி வருகிற வண்டிக்கு வழி விடணும், வளைவில் ஹாரன் அடிக்கணும். ஆயிரம் தடவை சொன்ன பாடம். அவரும் ஒழுங்காகத்தான் ஓட்டினார். பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு காரணமும் இல்லாமல் நெஞ்சு அடைத்தது. இரண்டு கையும் மரத்துப்போய், செத்துவிடப் போகிறோம் என்று பட்டது. என் கால் தானாக டூயல் பிரேக்கை மிதித்துவிட்டது.

வண்டி வளைவின் நடுவில் நின்றது. கீழே இருந்து ஏறி வந்த பஸ் ஹாரனை அடித்தபடி எங்கள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. பேங்க்காரர் வெளிறிப்போய், “மாஸ்டர், நான் என்ன தப்பு பண்ணேன்?” என்று கேட்டார். அவர் ஒரு தப்பும் பண்ணவில்லை. டூயல் பிரேக் என்பது கற்றுக்கொள்கிறவர் தப்புப் பண்ணினால் காப்பாற்றுவதற்கு. அன்றைக்கு அந்த மலையில் ஆபத்தாக இருந்த ஒரே ஆள் நான்தான்.

ஹார்ட் என்று நினைத்து ஈ.சி.ஜி. எடுத்தேன். கோளாறு இல்லை. இன்னும் இரண்டு தடவை அதே மாதிரி வந்த பிறகுதான் ஒரு டாக்டர் என்னை மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அந்த அம்மா முக்கால் மணி நேரம் பேசவிட்டுக் கேட்டார். பேனிக் அட்டாக், கூடவே மனச்சோர்வு என்றார். இரண்டு மாத்திரை. ஒன்று வேலை செய்யவே சில வாரம் ஆகும், இன்னொன்று ராத்திரிக்கு, கொஞ்ச நாளைக்கு மட்டும். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். “ராத்திரி மாத்திரை காலையிலயும் மந்தமா வச்சிருக்கும். உங்களுக்கு எப்படி ஒத்துக்குதுன்னு நான் பாக்கற வரைக்கும் ஸ்டியரிங்கையும் தொடாதீங்க, அந்த ரெண்டாவது பிரேக்கையும் தொடாதீங்க” என்றார்.

மாத்திரையை ஒரு வைட்டமின் டப்பாவுக்குள் போட்டு வைத்தேன். வீட்டிலும் சொல்லவில்லை, முதலாளியிடமும் சொல்லவில்லை. முதுகுவலி என்று சொல்லி ஆபீஸில் உட்கார்ந்தேன்.

அந்த வருடமே என் பேட்ஜ் லைசென்ஸ், அதாவது டாக்சி மாதிரி வாடகை வண்டி ஓட்டுவதற்கான லைசென்ஸ், புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. அதற்குப் படிவம் 1ஏ, அதாவது டாக்டர் சான்றிதழ் வேண்டும். சொந்த வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் 40 வயது தாண்டினால் இது உண்டு. கண்ணை மூடிக்கொண்டு இதில் கையெழுத்துப் போடுகிற டாக்டர் யார் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அப்போதெல்லாம் படிவங்களைக் கட்டாக அனுப்பினால் சீல் வைத்துக் கட்டாகத் திரும்பி வரும். நானே அனுப்பியிருக்கிறேன். அந்தக் கட்டில் என்னுடையதையும் வைத்துவிட்டால் முடிந்தது வேலை.

வைக்கப் போனவன்தான் படித்துப் பார்த்தேன். வலிப்பு, தலைசுற்றல், அல்லது ‘ஓட்டும் திறனைப் பாதிக்கக்கூடிய’ மனநோய் ஏதும் இவருக்கு உண்டா என்று டாக்டரைக் கேட்கிறது. பாதிக்கக்கூடிய. படிவம் 1-ன் கடைசிக் கேள்வியும் அப்படித்தான். உனக்கு என்ன வியாதி என்று அதுவும் கேட்கவில்லை, அதனால் ரோட்டில் ஆபத்து வருமா என்றுதான் கேட்கிறது. இத்தனை வருடம் இரண்டையும் நான் ‘வியாதி உண்டா’ என்றே படித்திருக்கிறேன். வெள்ளிப் பட்டறைப் பெண் விஷயத்திலும் சரியான பதில் ‘இல்லை’யாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவருடைய டாக்டர். மவுஸ் கையில் இருந்த ஒரே தகுதியில் நான் சொல்லிவிட்டேன்.

இங்கிலாந்தில் இருக்கும் என் பெரியப்பா மகனிடம் ஒருநாள் போனில் இதைச் சொன்னேன். அங்கே லைசென்ஸ் கொடுக்கிற டி.வி.எல்.ஏ.வுக்கு மனநலத்துக்கென்றே எம்1 என்று தனிப் படிவம் இருக்கிறதாம். ஓட்டுவதைப் பாதிக்கிற நோயைச் சொல்லாமல் மறைத்தால் 1,000 பவுண்ட் வரை அபராதம். சொன்னால் அவர்களே உன் டாக்டரிடம் கேட்டு, தேவைப்பட்டால் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று குறைந்த காலத்துக்கு லைசென்ஸ் தருவார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டத்திலும் 186-வது பிரிவு இருக்கிறது. ஆபத்தான நோய் இருப்பது தெரிந்தே ஓட்டினால் முதல் தடவை 1,000 ரூபாய் வரை அபராதம். ஆயிரத்துக்கு ஆயிரம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று இங்கே கவுன்டரில் கேட்டுப் பாருங்கள், ‘இல்லைன்னு போடுங்க’ என்பார்கள். நான் சொன்ன அதே வார்த்தை.

மாத்திரை ஆரம்பித்த நான்காவது வாரம் மனநல மருத்துவர் ராத்திரி மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, அப்புறம் நிறுத்தினார். அதன் பிறகு ஒரு கடிதம் கொடுத்தார். என்ன கோளாறு என்று அதில் போடவா வேண்டாமா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினார். நோயாளியின் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே விடக் கூடாது என்று 2017 மனநலச் சட்டத்தில் இருக்கிறதாம். கடிதத்தை எடுத்துக்கொண்டு, கட்டாகக் கையெழுத்துப் போடாத வேறொரு டாக்டரிடம் போனேன். தூக்கம் எப்படி, காலையில் மந்தம் உண்டா, குடிப்பீர்களா, கடைசியாக எப்போது பதற்றம் வந்தது, வந்தால் ஓரம் கட்டத் தெரியுமா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நானும் அதே வார்த்தையை நூற்றுக்கணக்கான பேருக்குப் போட்டிருக்கிறேன். ஒருத்தரையும் இப்படிக் கேட்டதில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் அந்தச் சான்றிதழை யாரும் படிக்கவில்லை. லைசென்ஸ் தபாலில் வந்தது.

முதலாளியிடம் அப்புறம் சொன்னேன். அவர் நல்லவர்தான், கேட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து என்னைக் காரிலிருந்து எடுத்து, எட்டுப் போடுகிற மைதானத்துக்கு மாற்றினார். சம்பளமும் குறைந்தது. டாக்டர் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகும் ஐந்து மாதம் அங்கேயே நின்றேன். இதைத்தான் எல்லோரும் பயந்து மறைக்கிறார்கள் என்று அந்த வெயிலில் புரிந்தது.

போன வருடம் அந்தப் பெண் கார் பழக வந்தார். நான் கடைசிக் கேள்வியைச் சத்தமாகப் படித்துவிட்டு நிறுத்தினேன். அவர் சிரித்தார். “அன்னிக்கு நீங்க இல்லைன்னு போட்டப்ப சந்தோசமாத்தான் இருந்துச்சு மாஸ்டர். வீட்டுக்குப் போனதும் பயந்துட்டேன். நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, கீழ இருக்கற கையெழுத்து என்னுதுதானுங்களே?”

சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே அவருடைய டாக்டர் கடிதம், போன மாதத் தேதி. அந்தத் திரையில் அதை ஏற்ற ஓர் இடமும் இல்லை. படித்துவிட்டு ‘இல்லை’ போட்டேன். கடிதத்தை மடித்து மறுபடி கைப்பையில் வைத்துக்கொண்டார்.