ஹைட் பார்க்கில் ஒரு நாள்: அமெரிக்கா எப்போது போருக்குள் போனது?

நியூயார்க் போகிறவர்கள் பெரும்பாலும் சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் சதுக்கம் என்று முடித்துக்கொண்டு நயாகராவுக்கு வண்டி பிடிப்பார்கள். நான் வடக்கே பொகிப்ஸிக்கு ரயில் ஏறினேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பிறந்ததும் அடக்கம் செய்யப்பட்டதும் அதன் பக்கத்திலுள்ள ஹைட் பார்க்கில்தான். நியூஜெர்சியில் வேலை பார்க்கும் சித்தப்பா மகனும் கூட வந்தான்.

கிராண்ட் சென்ட்ரலிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இடது பக்க ஜன்னலோரம் இடம் பிடியுங்கள், வழிநெடுக ஹட்சன் ஆறு கூடவே வரும். கோல்டு ஸ்பிரிங் தாண்டியதும் ஆற்றுத் தீவு ஒன்றில் இடிந்த கோட்டை தெரியும். ராஜா யாரும் கட்டியதல்ல. ஸ்பெயினுடனான போரில் மிஞ்சிய ராணுவத் தளவாடங்களை மொத்தமாக வாங்கி விற்ற பேனர்மேன் என்ற வியாபாரியின் கிடங்கு அது.

1930களில் ஆயுத வியாபாரி என்றாலே அமெரிக்கர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். முதல் உலகப் போரில் 1 லட்சத்து 16 ஆயிரம் பேரைப் பறிகொடுத்திருந்தார்கள். கடன் வாங்கிய நாடுகளில் பெரும்பாலானவை கையை விரித்துவிட்டன. நம்மைப் போருக்குள் தள்ளியதே ஆயுதக் கம்பெனிகளும் வங்கிகளும்தானோ என்று செனட்டர் ஜெரால்டு நை தலைமையில் ஒரு குழு 1934இலிருந்து விசாரித்தது. அந்தச் சூட்டில்தான் 1935, 1936, 1937 என்று வரிசையாக நடுநிலைச் சட்டங்கள் வந்தன. போரிடும் நாட்டுக்கு ஆயுதம் விற்காதே, கடன் கொடுக்காதே, அவர்கள் கப்பலில் ஏறாதே. தாக்கப்பட்டாலொழிய, மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தாமல் போர் அறிவிக்கக் கூடாது என்றுகூட ஒரு திருத்தம் வந்தது. 1938 ஜனவரியில் பிரதிநிதிகள் சபையில் அதை விவாதத்துக்கு எடுக்க 188 பேர் ஆதரவு, 209 பேர் எதிர்ப்பு. ஒதுங்கியிருக்க விரும்பியவர்களை இன்று கேலி செய்வது சுலபம். மகனைப் பறிகொடுத்த வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் அவர்கள் பக்க நியாயம் புரியும்.

ஸ்பிரிங்வுட் என்ற ரூஸ்வெல்ட்டின் வீட்டை வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும். பெரிய வீடுதான், ஆனால் அரண்மனை இல்லை. போலியோவால் கால்கள் செயலிழந்த ரூஸ்வெல்ட், பெட்டிகளை ஏற்றி இறக்க வைத்திருந்த சின்ன லிஃப்ட்டில் உட்கார்ந்து கயிற்றைக் கையால் இழுத்து மாடிக்குப் போவாராம். 1939 ஜூனில் பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜும் ராணியும் இங்கே வந்து தங்கினார்கள். விருந்தின் நடுவே பாத்திர மேசை சரிந்து பீங்கான் எல்லாம் நொறுங்கியது. மறுநாள் பிக்னிக்கில் மன்னருக்கு ஹாட் டாக் கொடுத்தார்கள். தமாஷ் மாதிரி இருந்தாலும் கணக்குப் போட்டுச் செய்த வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது. பிரிட்டன் என்றால் முகம் சுளித்த அமெரிக்கர்களுக்கு, மன்னரும் நம்மைப் போல ஒரு மனுஷர்தான் என்று காட்ட வேண்டியிருந்தது.

பக்கத்திலேயே அவருடைய நூலகமும் அருங்காட்சியகமும். கையாலேயே ஓட்டும்படி மாற்றிய 1936 ஃபோர்டு கார் இங்கே நிற்கிறது. மூன்றாம் முறை போட்டியிடுவாரா என்பதற்குப் பதிலே சொல்லாத ரூஸ்வெல்ட்டைக் கிண்டல் செய்து, 1939இல் பத்திரிகையாளர்கள் காகிதக் கூழில் செய்த ஸ்பிங்க்ஸ் (வாய் திறக்காத எகிப்தியச் சிலை) உருவமும் உண்டு. வாயில் சிகரெட் குழலோடு சிரிக்கிறது.

போர்க் காலத்துப் பகுதிக்கு வந்ததும் தம்பி கேட்டான். “அண்ணா, பேர்ல் ஹார்பர்ல குண்டு விழுந்த அன்னைக்குத்தானே இவங்க போருக்குள்ள போனாங்க?”

1941 டிசம்பர் 7 அன்று ஹவாயிலிருந்த அமெரிக்கக் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியதைச் சொல்கிறான். அப்படித்தான் நாமெல்லாம் படித்தோம். ஆனால் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் அந்தத் தேதி ரொம்பத் தாமதமாகத் தெரிகிறது. 1939 நவம்பரிலேயே சட்டம் தளர்ந்தது: ரொக்கம் கொடு, உன் கப்பலில் ஏற்றிக்கொண்டு போ. எல்லோருக்கும் பொதுவான விதிதான், ஆனால் கடல் பிரிட்டன் கையில் இருந்ததே! 1940 செப்டம்பரில் 50 பழைய போர்க்கப்பல்களைக் கொடுத்து, அட்லாண்டிக், கரீபியன் பக்கம் பிரிட்டன் வசமிருந்த பகுதிகளில் 99 வருடக் குத்தகைக்குத் தளங்கள் வாங்கினார்கள். அதே மாதம் கட்டாய ராணுவச் சேர்ப்பு. அடுத்த மாதமே பாஸ்டன் தேர்தல் மேடையில், உங்கள் பிள்ளைகளை அந்நியப் போருக்கு அனுப்ப மாட்டேன் என்று ரூஸ்வெல்ட் வாக்குக் கொடுத்தார். 1941 மார்ச்சில் கடன்-குத்தகைச் சட்டம் வந்தது. ரொக்கமும் வேண்டாம் என்றாயிற்று. ஜூலையில் ஐஸ்லாந்தில் அமெரிக்கப் படை.

இதில் என்னை உறுத்துவது கிரீர் விவகாரம். 1941 செப்டம்பர் 4 அன்று அந்த அமெரிக்கக் கப்பல் மீது ஜெர்மன் நீர்மூழ்கி டார்பிடோ வீசியது. எச்சரிக்கையே இல்லாமல் முதலில் தாக்கினார்கள் என்று ரூஸ்வெல்ட் வானொலியில் சொல்லி, இனி கண்டால் சுடுவோம் என்றார். கிரீர் அந்த நீர்மூழ்கியை மணிக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்ததையும், ஒரு பிரிட்டிஷ் விமானம் அதன்மேல் குண்டு போட்டிருந்ததையும் சொல்லவில்லை. ஹிட்லரை எதிர்க்க வேண்டியதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நல்ல காரியத்துக்குப் பாதி உண்மை போதும் என்று ஒரு ஜனாதிபதி பழகிவிட்டால், அடுத்து வருகிறவர் எந்தக் காரியத்துக்கு அதைப் பயன்படுத்துவார்?

இத்தனைக்கும் ஊர் ஒரே மனதாக இல்லை. அதற்கு முந்தைய மாதம், ஆகஸ்ட்டில், கட்டாயச் சேவைக் காலத்தை நீட்டிக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 203க்கு 202 என்று ஒரே ஓட்டில் பிழைத்தது. அக்டோபர் 31 அன்று ரூபன் ஜேம்ஸ் கப்பல் மூழ்கடிக்கப்பட்டுச் சுமார் நூறு மாலுமிகள் இறந்தார்கள். அப்போதும் போர் அறிவிப்பு இல்லை.

“அப்ப நீங்க எந்தத் தேதி சொல்றீங்க?” என்றான். நான் மார்ச் 11, கடன்-குத்தகைச் சட்டம் கையெழுத்தான நாள் என்றேன். பணமே வாங்காமல் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஆயுதம் கொடுத்த பிறகு என்ன நடுநிலை? அவன் ஒப்புக்கொள்ளவில்லை. சுட உத்தரவிட்ட செப்டம்பர் 11தான் என்றான்.

ரயில் நிலையம் வரை இதே வழக்கு. போதாததற்கு, டிசம்பர் 8 அன்று ரூஸ்வெல்ட் போர் கேட்டது ஜப்பான் மீது மட்டும்தான் என்று நான் இன்னொன்றையும் எடுத்துவிட்டேன். அட்லாண்டிக்கில் மாதக்கணக்கில் மோதிக்கொண்டிருந்த ஜெர்மனி பற்றி அந்த உரையில் பேச்சே இல்லை. மூன்று நாள் கழித்து ஹிட்லரே முந்திக்கொண்டு போர் அறிவித்தார்.