பிளின்ட்லாக் ரைஃபிள் கிட்: கட்டைக்கு ஏற்ற கருவி, சாயம், எண்ணெய்

பிளின்ட்லாக் என்பது சக்கிமுக்கிக் கல்லின் தீப்பொறியால் சுடும் பழைய பாணித் துப்பாக்கி. 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் உருவான நீள்குழல் ரைஃபிளைப் பின்பற்றும் கிட்களில் (நாமே செதுக்கிப் பொருத்தும் பாகத் தொகுப்புகளில்) கட்டை, அதாவது துப்பாக்கியின் மர உடல், பெரும்பாலும் மேப்பிள் மரம்தான். கால் அங்குல உளி, அரைவட்ட அரம், ஸ்கிரேப்பர் (மரத்தைச் சுரண்டும் தகடு), உப்புத்தாள் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். செலவு செய்வதானால் உளிக்குச் செய்யுங்கள். மொண்ணை உளி வரியோடும் மேப்பிளைப் பிய்த்துவிடும்.

பூட்டை, அதாவது தீப்பொறி எழுப்பும் பொறியமைப்பை, கட்டையில் பதிக்கும்போது அதன் அடியில் கறுப்பு மை தடவி மரத்தில் அழுத்துங்கள். மை ஒட்டிய இடத்தை மட்டும் சீவுங்கள். அதிகம் சீவினால் விளிம்பில் இடைவெளி விழுந்து, கடைசிவரை கண்ணை உறுத்தும்.

உப்புத்தாளை 120, 180, 220 என்ற சொரசொரப்பு எண் வரிசையில், சிறு மரத்துண்டில் சுற்றித் தேயுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் உலோகத்தை ஒட்டிய விளிம்புகள் மழுங்கிவிடும். பிறகு ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் எழும் நாரைத் தேய்த்தெடுங்கள். இதை இருமுறை செய்யுங்கள். இல்லாவிட்டால் சாயம் பட்டதும் மரம் சொரசொரக்கும்.

சாயத்துக்கு என் தேர்வு ஃபெரிக் நைட்ரேட் (அமிலத்தன்மையுள்ள இரும்பு உப்பு) கரைசல். பூசிக் காயவிட்டு ஹீட் கன்னால் சூடேற்றினால் நிறம் செம்பழுப்பாக மாறும், மரவரிகள் துலங்கும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். பின்பு சமையல் சோடாக் கரைசலால் துடையுங்கள். மிஞ்சும் அமிலம் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

மேல்பூச்சுக்கு பாலியூரிதேன் வார்னிஷ் வேண்டாம். பளபளப்பு பழைய பாணிக்குப் பொருந்தாது, கீறல் விழுந்தால் சரிசெய்வதும் கடினம். 'பாயில்ட்' (விரைவில் காயும்படி பதப்படுத்திய) ஆளிவிதை எண்ணெயை நாளுக்கு ஒரு மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். தடித்தால் பிசுபிசுக்கும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றக்கூடும். வெளியே விரித்துக் காயவையுங்கள்.