ஐவரில் ஒருவர் விழுந்தால்

அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பகுதியில் ஒரு பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் வீடியோ பிரிவில் வேலை பார்க்கிறேன். விளையாட்டு மேலாண்மை படிக்க வந்த இடத்தில் பகுதிநேரமாகப் பிடித்துக்கொண்ட வேலை, படிப்பு முடிந்ததும் முழுநேரமாகிவிட்டது. இங்கே கால்பந்து என்றால் ஹெல்மெட் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். பயிற்சியையும் போட்டியையும் இரண்டு கோணங்களில் படம் பிடிப்போம். ஒன்று மைதானத்தின் பக்கவாட்டில், உயரத்திலிருந்து. அதில் 22 பேரும் தெரிவார்கள். இன்னொன்று எண்டு ஸோனுக்கு, அதாவது மைதானத்தின் முனையில் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய பகுதிக்குப் பின்னாலிருந்து. டிவி பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டாவது கோணம் அதிகம் கிடைப்பதில்லை. ஆனால் ஆஃபென்சிவ் லைன், அதாவது பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசை, என்ன செய்கிறது என்பதை அதில்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும்.

அந்த லைனில் ஐந்து பேர். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். ஆளுக்கு 130, 140 கிலோ இருப்பார்கள். பந்தைப் பின்னால் எடுத்துக் கொடுக்கும் சென்டரைத் தவிர மற்ற நால்வரும் ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடாமலேயே வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குக்கு வழி திறப்பதும், பந்தை எறியும் குவாட்டர்பேக்கை அடிபடாமல் காப்பதும் இவர்கள் பொறுப்பு. நான்கு வாய்ப்புகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டிய ஆட்டத்தில், ஒரு ஓட்டத்துக்கு நாலைந்து யார்டு கிடைத்தாலே அணி நிம்மதியாக மூச்சுவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சீசனில் எங்களுக்கு அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. செப்டம்பர் முழுக்க ஓட்டத்தை வைத்தே ஜெயித்தோம். அக்டோபரில் இடது கார்டின் கணுக்காலுக்கு மேலே தசைநார் பிய்ந்தது. பின்னாலிருந்து ஒருவர் அவர் காலின் மேல் விழுந்துவிட்டார். லைன்காரர்களுக்கு அடிபடும் விதங்களில் இது மிகவும் சகஜமானது. இரண்டு வாரம் கழித்து சென்டருக்கு முழங்கால். அதோடு எங்கள் ஓட்டம் படுத்துவிட்டது. உள்ளூர்ப் பத்திரிகைகளும் ரசிகர்களும் ரன்னிங் பேக்கைத்தான் திட்டினார்கள். வேகம் போய்விட்டது, தயங்கித் தயங்கி ஓடுகிறார் என்றார்கள். எண்டு ஸோன் கோணத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தாங்கவில்லை.

இன்சைடு ஸோன் என்று ஒரு ஓட்டம் உண்டு. ஏறக்குறைய எல்லா அணிகளும் வைத்திருப்பது. அதில் கார்டும் டேக்கிளும் சேர்ந்து எதிரே நிற்கும் ஒருவரை முதலில் இடிப்பார்கள். இருவரின் இடுப்பும் ஒட்டியிருக்க வேண்டும்; நடுவில் ஆள் புக இடம் இருக்கக் கூடாது. எதிரி ஓரடி பின்வாங்கியதும் இருவரில் ஒருவர் மட்டும் கழன்று, எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாளரான லைன்பேக்கரை மறிக்கப் போக வேண்டும். யார் கழல்வது என்பது லைன்பேக்கர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்பதைப் பொறுத்தது. பேசிக்கொள்ள நேரம் கிடையாது. பக்கத்து ஆளின் இடுப்பு தரும் அழுத்தத்திலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

புதிய கார்டு இறங்கிய முதல் ஆட்டத்துக்கு மறுநாள், ஞாயிறு காலை, எங்கள் லைன் கோச் ஒரே காட்சியை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தார். புதிய பையன் நல்ல பலசாலி. எதிரியை நன்றாகவே தள்ளினான். ஆனால் அவனும் டேக்கிளும் சேர்ந்து அந்த ஒருவரையே தள்ளிக்கொண்டிருந்தார்கள். லைன்பேக்கரை யாரும் தொடவில்லை. ரன்னிங் பேக் பந்தை வாங்கி இரண்டாவது அடி வைப்பதற்குள் அவர் வந்து இடுப்பைப் பிடித்துவிட்டார். அதே ஓட்டத்தை அடுத்த முறை ஆடியபோது பையன் அவசரமாகக் கழன்றான். இந்தத் தடவை முன்வரிசை ஆளே இருவருக்கும் நடுவில் புகுந்து வந்துவிட்டார். இரண்டு தவறும் வேறு வேறு. புள்ளிவிவரத் தாளில் இரண்டுக்கும் ஒரே பதிவு: ரன்னிங் பேக்கின் பெயர், பக்கத்தில் மைனஸ் 2 யார்டு.

கபடியில் கைகோர்த்து நிற்கும் இருவரில் ஒருவர் அவுட் ஆகி வேறொருவர் வந்து கைகோர்த்தால், பிடியின் பலம் அதே அளவு இருந்தாலும் இழுக்கும் நேரம் பிசகும். லைனிலும் நடப்பது அதுதான். எனவே எத்தனை பேருக்குக் காயம் என்று எண்ணுவதைவிட எத்தனை ஜோடிகள் கலைந்தன என்று எண்ணுவதுதான் சரி என்று நினைக்கிறேன். கார்டு போனால் இரண்டு ஜோடி கலைகிறது. அவர் இடத்துக்கு வலது பக்கத்து ஆளை மாற்றினால் இன்னும் அதிகம். வலதில் நின்று பழகியவர் இடதுக்கு வரும்போது நிற்கும் நிலை, முதலில் எடுக்கும் கால், உந்தும் கால் எல்லாமே தலைகீழாகிவிடும்.

சென்டர் போவது இன்னும் பெரிய இழப்பு. எதிரணி நிற்பதைப் பார்த்து, யார் யாரை மறிப்பது என்று லைனுக்குச் சொல்வது பெரும்பாலும் அவர்தான். வெளியூர் மைதானத்தில் கூச்சல் காதை அடைக்கும்போது குரல் எடுபடாது. கார்டு திரும்பிக் குவாட்டர்பேக்கைப் பார்த்து, சென்டரைத் தட்டுவார். அதை வைத்துத்தான் சென்டர் பந்தைப் பின்னால் கொடுக்கும் ஸ்னாப் நடக்கும். புதிய கார்டும் புதிய சென்டரும் சேர்ந்த எங்கள் லைனில், டேக்கிள்கள் எப்போதும் அரை நொடி பின்தங்கியே கிளம்பினார்கள். ஓட்டத்தில் அந்த அரை நொடியைத் திரும்பப் பிடிக்கவே முடியாது.

தொழில்முறை அணியாக இருந்தால் வெளியில் இருக்கும் அனுபவசாலி ஒருவரை அந்த வாரமே ஒப்பந்தம் செய்யலாம். கல்லூரியில் சீசன் நடுவில் ஆள் எடுக்க முடியாது. இருப்பவர்களை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அந்த இருப்பவர் பல நேரம் போன வருடம் வரை பள்ளியில் ஆடிய, எடையும் பலமும் இன்னும் சேராத 18 வயதுப் பையன். அவன் பழகுவதற்கும் வழி குறைவு. மிச்சமிருப்பவர்களுக்கும் அடிபட்டுவிடுமோ என்ற பயத்தில் செவ்வாய், புதன் பயிற்சிகளில் மோதலைக் குறைத்துவிடுவார்கள். பந்தை எறியும் பாஸ் ஆட்டத்துக்கான தடுப்பை ஓரளவு மெதுவாகப் பழகலாம். இருவர் சேர்ந்து இடிப்பதை மோதாமல் பழக வழியே இல்லை. காயம் ஒரு வாரம் ஓட்டத்தைக் கெடுக்கிறது என்றால், காயத்துக்குப் பயந்து செய்யும் பயிற்சி அடுத்த வாரங்களையும் கெடுக்கிறது.

அப்புறம் ஆட்டப் பட்டியல் சுருங்க ஆரம்பிக்கும். கார்டு தன் இடத்தை விட்டு மறுபக்கம் ஓடிப்போய் மறிக்கும் பவர், கவுன்ட்டர் போன்ற ஓட்டங்களை முதலில் கைவிடுவார்கள். எதிரணியும் வீடியோ பார்க்கிறதே! ஒரே மாதிரி ஓட்டம்தான் வரும் என்று தெரிந்ததும் ஓட்டத்தை அடைக்க முன்னால் கூடுதலாக எட்டாவது ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். காயம்பட்டவர் சீக்கிரம் திரும்பினாலும் உடனே சரியாகிவிடாது. எங்கள் இடது கார்டு கணுக்காலில் கட்டோடு வந்து ஆடினார். நடந்தார், ஓடினார், பாஸ் தடுப்பில் குறை தெரியவில்லை. ஆனால் எதிரியைத் தரையிலிருந்து பெயர்க்கும் அந்த முதல் உந்தலுக்குக் கணுக்கால் மடங்கிக் கொடுக்கவில்லை.

இதே விஷயத்தை 2024 சீசனில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் ஆட்டங்களில் நாடே பார்த்தது. அக்டோபர் 12 அன்று ஒரேகானிடம் 32-31 என்று தோற்ற ஆட்டத்தில் இடது டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அடுத்த ஆட்டத்தில் நெப்ராஸ்காவை 21-17 என்று கஷ்டப்பட்டு ஜெயித்தார்கள். ஓட்டத்தில் கிடைத்தது மொத்தமே 64 யார்டு. குவின்ஷான் ஜட்கின்ஸ், ட்ரெவியான் ஹென்டர்சன் என்று நாட்டின் சிறந்த ரன்னிங் பேக் ஜோடிகளில் ஒன்று பின்னால் நின்றும் இந்தக் கதி. பிறகு இடது கார்டு டானவன் ஜாக்சனை டேக்கிளுக்கு நகர்த்தி, அவர் இடத்தில் கார்சன் ஹின்ஸ்மனை நிறுத்தினார்கள். பென் ஸ்டேட்டுக்கு எதிராக அது பிடித்துக்கொண்டது. நவம்பரில் சென்டர் சேத் மெக்லாஃப்லினுக்குப் பயிற்சியில் குதிகால் தசைநாண் அறுந்தது. ஹின்ஸ்மன் மறுபடி சென்டருக்கு மாற, கார்டு இடத்துக்கு இன்னொருவர் வந்தார். நவம்பர் 30 அன்று மிச்சிகனிடம் 13-10 தோல்வி, ஓட்டத்தில் 77 யார்டு. அந்த மாற்று லைனைத் தொடர்ந்து சேர்த்து ஆடவைத்த பிறகு, 2025 ஜனவரி 20 அன்று நோட்ர டேமை 34-23 என்று வென்று தேசிய சாம்பியன் பட்டம் வாங்கினார்கள். அன்றைக்கு ஓட்டத்தில் 214 யார்டு. சிம்மன்ஸும் மெக்லாஃப்லினும் திரும்பி வரவே இல்லை. மாற்று ஆட்களுக்குச் சேர்ந்து நிற்க நாள் கிடைத்தது, அதுதான் வித்தியாசம்.

2023-இல் மிச்சிகனின் வலது கார்டு ஸாக் ஸின்டர் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராகக் கால் உடைந்து போனார். அதே போட்டியில், அதற்கு அடுத்த வாய்ப்பிலேயே ரன்னிங் பேக் பிளேக் கோரம் 22 யார்டு ஓடி, எண்டு ஸோனை எட்டி டச்டவுன் அடித்தார். வலது டேக்கிள் ஸின்டரின் கார்டு இடத்துக்கு நகர்ந்தார். டேக்கிள் இடத்துக்கு வந்த ட்ரென்டே ஜோன்ஸ் அந்த லைனோடு ஏற்கெனவே நிறைய ஆடியவர். ஆறாவது ஆள் அந்நியராக இல்லாததால் தாக்குப்பிடித்தார்கள் என்பது என் எண்ணம்.

எங்கள் ரன்னிங் பேக் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு திங்கட்கிழமை எங்கள் அறைக்கு வந்து, “என் கால் நிஜமாகவே மெதுவாகிவிட்டதா? பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். அந்த சீசனின் எல்லா ஓட்டங்களையும் எடுத்து, எதிரி அவரை முதலில் தொட்டது எந்த யார்டில், தொட்ட பிறகு அவராகச் சேர்த்தது எவ்வளவு, அப்போது லைனில் நின்ற ஐந்து பேர் யார் யார் என்று எழுதினோம். தொட்ட பிறகு சேர்த்த தூரம் செப்டம்பரில் இருந்தபடியேதான் இருந்தது. தொடுவதற்கு முன் கிடைத்த தூரம்தான் காணாமல் போயிருந்தது. சீசன் முடிந்து, வேறு கல்லூரிக்கு மாற விரும்புவோர் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறந்ததும், மற்ற கல்லூரிகளின் பயிற்சியாளர்களிடம் காட்டுவதற்காக அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். சந்தோஷமாகக் கொடுத்தேன்.

லைன் கோச்சும் ஒரு பிரதி கேட்டார். அடுத்த வசந்தகாலப் பயிற்சியில் முதல் அணி, இரண்டாவது அணி என்று பிரித்து நிறுத்தும் வழக்கத்தை அவர் தளர்த்தினார். இரண்டாவது அணியின் கார்டுகள் தினமும் கொஞ்ச நேரம் முதல் அணி டேக்கிள்களோடும் சென்டரோடும் தோளோடு தோள் நின்று முழு வேகத்தில் இடித்துப் பழகுகிறார்கள். எந்தெந்த ஜோடி எத்தனை தடவை சேர்ந்து நின்றது என்ற கணக்கை ஒவ்வொரு மாலையும் நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம்.