என் இரண்டாவது பள்ளிக்கூடம்

யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரியைப் பற்றி எழுத என்னிலும் தகுதியான அக்காமார் நம் பழைய மாணவிகள் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். விடுதி வாழ்க்கை, கரோல், விளையாட்டுப் போட்டி என்று அவர்கள் எழுதுவதை நானும் ஆசையாக வாசிப்பவள். என்னுடைய உடுவில் காலம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில், யுத்தத்தால், உடுவில் இருக்கும் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எங்கள் குடும்பமும் நடந்தது. பிறகு கொழும்பு, அதற்குப் பிறகு அமெரிக்கா. ஆகவே மலர்க் குழுவிடம் கேட்டுக்கொண்டு, என்னை ஏற்றெடுத்த மற்றப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுகிறேன். அதன் கதையை அறிந்த பிறகுதான் உடுவிலின் கதையும் எனக்குச் சரியாக விளங்கியது.

பள்ளியின் பெயர் மொன்ட்கொமரி பிளேயர் உயர்நிலைப் பள்ளி. வாஷிங்டன் நகரின் வடக்கு எல்லையைத் தாண்டியதும் வரும் மேரிலண்ட் மாநிலத்துப் புறநகர் சில்வர் ஸ்பிரிங்கில் இருக்கிறது. பெரியப்பா வீட்டில் வந்திறங்கிய எங்களை அங்கே கூட்டிப்போனார்கள். முகவரிக்கு ஒரு சான்று, தடுப்பூசி அட்டை, அவ்வளவுதான் கேட்டார்கள். நன்கொடை இல்லை, சிபாரிசுக் கடிதம் இல்லை. சோதனை ஒன்று வைத்தார்கள். அது என்னைச் சேர்ப்பதா விடுவதா என்று தீர்மானிக்க அல்ல, எந்த ஆங்கில வகுப்பில் இருத்துவது என்று பார்க்க. அந்தப் பகுதியில் குடியிருக்கும் பிள்ளை என்றால் சேர்த்தே ஆகவேண்டும். அப்பாவுக்கு இது நம்ப முடியாமல் இருந்தது.

பிறமொழிப் பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பில் என் பக்கத்தில் எல் சால்வடோரிலிருந்து வந்த ஒருத்தி இருந்தாள். இலக்கப் பூட்டை வலம், இடம், வலம் என்று திருப்பி லொக்கரைத் திறக்கக் காட்டித் தந்தவள் அவள்தான். எத்தியோப்பியப் பிள்ளைகளும் வியட்நாமியப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒருநாள் தீயணைப்பு ஒத்திகைக்கு சைரன் அடித்தது. நானும் அவளும் யோசிக்காமலே மேசைக்குக் கீழே குனிந்தோம். மற்றவர்கள் கதைத்தபடி வரிசையாக வெளியே போனார்கள். அவள் நாட்டிலும் 1992 வரை பன்னிரண்டு ஆண்டு யுத்தம் நடந்தது என்பது எனக்கு அன்று தெரியாது. அன்றைக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் இடையில் விளக்கம் தேவைப்படவில்லை.

எனக்கு அங்கே வரலாற்றுப் பாடம் பிடித்துப்போனதற்கு அந்தப் பள்ளியின் பெயரும் ஒரு காரணம். பள்ளி 1925இல் தக்கோமா பார்க்கில் தொடங்கியது. 1935இல் சில்வர் ஸ்பிரிங்கின் வெய்ன் அவெனியூவுக்கு, ஸ்லைகோ ஓடைக்கரைக்கு மாறியபோதுதான் பிளேயரின் பெயர் வைத்தார்கள். மொன்ட்கொமரி பிளேயர், ஆபிரகாம் லிங்கனின் அமைச்சரவையில் தபால் மா அதிபராக இருந்தவர். அதற்கு முன், அடிமையாக வைக்கப்பட்டிருந்த டிரெட் ஸ்கொட் தன் விடுதலைக்காக வழக்காடியபோது, உச்ச நீதிமன்றத்தில் அவருக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாடிய சட்டத்தரணி. 1857இல் அந்த வழக்கு தோற்றது. கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாகவே முடியாது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் இதே பிளேயர்தான் 1863இல் ரொக்வில்லில் பேசியபோது, அடிமை முறையை உடனே ஒழிக்கவேண்டும் என்றவர்களைக் கடுமையாகத் தாக்கினார். விடுதலை பெறுகிறவர்களை வேறு நாட்டுக்கு அனுப்பிக் குடியேற்றவேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தன. பெயர்ப்பலகையில் ஒன்றைத்தான் நாங்கள் படித்தோம்.

பள்ளியின் மறுபக்கத்தை எனக்குச் சொன்னவர் ஒரு முதிய அம்மா. மேரிலண்டில் உயர்நிலைப் பள்ளி முடிக்கச் சமூகசேவை மணித்தியாலங்கள் கட்டாயம். அப்படிச் சட்டம் வைத்த முதல் மாநிலமும் அதுதான். என் மணித்தியாலங்களை முதியோர் கூடும் ஒரு நிலையத்தில் செய்தேன், பெரும்பாலும் மதியச் சாப்பாடு பரிமாறும் வேலை. அந்த அம்மா சில்வர் ஸ்பிரிங்குக்கு அருகே லிட்டன்ஸ்வில் என்ற பழைய கறுப்பின ஊரில் பிறந்து வளர்ந்தவர். நான் பிளேயரில் படிப்பதாகச் சொன்னதும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அவருடைய வீட்டிலிருந்து அந்தப் பள்ளிக்கு நடந்தே போகலாம். அவர் போனது ரொக்வில்லில் இருந்த லிங்கன் உயர்நிலைப் பள்ளிக்கு, பஸ்ஸில், ஒவ்வொரு நாளும். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டுமே பிளேயர் திறந்திருந்த காலம் அது. கோபமாகச் சொல்லவில்லை. என் பாடப்புத்தகத்தை வாங்கிப் புரட்டி, புதிய புத்தகமா என்று கேட்டார். தங்களுக்கு வந்ததெல்லாம் வெள்ளைப் பிள்ளைகள் பாவித்துக் கழித்தவை என்றார்.

அதற்குப் பிறகு பள்ளி நூலகத்தில் நானாகவே தேடத் தொடங்கினேன். சில்வர் ஸ்பிரிங்கும் ரொக்வில்லும் அடங்கிய மொன்ட்கொமரி கவுண்டியில், அதாவது எங்கள் மாவட்டத்தில், கறுப்பினப் பிள்ளைகளுக்கு முதல் உயர்நிலைப் பள்ளி 1927இல்தான் வந்தது, அதுவும் ரொக்வில்லில் மட்டும். கறுப்பின ஆசிரியர்களுக்கு வெள்ளை ஆசிரியர்களின் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதிதான். 1936இல் வில்லியம் கிப்ஸ் என்ற ரொக்வில் ஆசிரியர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். அவருக்காக வந்த இளம் சட்டத்தரணி தேர்குட் மார்ஷல். 1937இல் கவுண்டி இணங்கிவந்து சம சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டது. பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1954 மே 17இல், நிறம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றத்தில் வென்றெடுத்தவரும் அதே மார்ஷல்தான். 1955இல் எங்கள் கவுண்டி பள்ளிகளை ஒன்றாக்கத் தொடங்கியது. லிங்கன் பள்ளிக்குப் பதிலாக 1951இல் ரொக்வில்லில் கட்டிய கார்வர் உயர்நிலைப் பள்ளியின் கட்டடம் பிறகு கவுண்டிப் பள்ளிகள் அனைத்துக்கும் தலைமை அலுவலகமானது.

இனி உடுவிலுக்கு வருகிறேன். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியது 1824. நியூயோர்க்கிலிருந்து 1840இல் வந்து, நாற்பது வருடமளவு அங்கேயே இருந்து, ஆயிரம் பெண்களின் தாய் என்று பெயரெடுத்த எலைசா அக்னியூ அம்மையாரை நமக்கெல்லாம் தெரியும். பெண்ணுக்கு எதற்கு எழுத்து என்றிருந்த யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்டு வாங்கிப் படிப்பித்தவர்கள். அவர்கள் மேல் எனக்குள்ள நன்றி இம்மியும் குறையவில்லை. ஆனால் அக்னியூ அம்மையார் உடுவிலில் வேலை தொடங்கிய வருடம் மேரிலண்டில் அடிமை முறை சட்டப்படி நடந்துகொண்டிருந்தது. அது ஒழிந்தது 1864 நவம்பர் 1இல். உடுவிலில் பள்ளி திறந்ததற்கும் ரொக்வில்லில் அந்த உயர்நிலைப் பள்ளி திறந்ததற்கும் இடையில் 103 வருடங்கள். அமெரிக்கர்கள் கடல் கடந்து வந்து நம் கொள்ளுப்பாட்டிமாருக்குத் திறந்த கதவு, அவர்களுடைய சொந்த நாட்டில் அந்த லிட்டன்ஸ்வில் அம்மாவின் தாய்க்குத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

எனக்கு அந்தக் கதவு சும்மா திறக்கவில்லை. கிப்ஸும் மார்ஷலும் முதலில் திறந்தார்கள். 1965இல் குடிவரவுச் சட்டம் மாறி, நாட்டுவாரியான பழைய ஒதுக்கீடு நீங்கியது. பெரியப்பா போன்றவர்கள் வர முடிந்தது அதனால்தான். 1985இல், பள்ளி மறுபடி இனரீதியாக ஒதுங்கிவிடாதபடி, கணிதம், விஞ்ஞானம், கணினி படிக்க விரும்பும் பிள்ளைகளை மற்ற இடங்களிலிருந்தும் ஈர்க்கும் சிறப்புத் திட்டத்தை பிளேயரில் வைத்தார்கள். கடைசி வருடத்தில் கணித வகுப்பில் என்னோடு இருந்தவர்களில் பாதிப்பேரின் பெற்றோர் வேறு வேறு நாடுகளில் பிறந்தவர்கள்.

ஜனாதிபதி நிக்சனைப் பதவி விலகவைத்த வோட்டர்கேட் விவகாரத்தை வெளிக்கொணர்ந்த பத்திரிகையாளர்களில் ஒருவரான கார்ல் பேர்ன்ஸ்டைனும், தொலைக்காட்சிச் செய்தியாளர் கோனி சுங்கும் இங்கே படித்தவர்கள் என்று பிளேயர்காரர் எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள், நானும் சொல்வேன். 1998இல் பள்ளி ஃபோர் கோர்னர்ஸுக்கு, பெல்ட்வே பெருந்தெருவின் ஓரத்தில் கட்டிய பெரிய கட்டடத்துக்குப் போனது. நடுவே ஓடும் நீண்ட நடைவழிக்கு பிளேயர் புலவார் என்று பெயர். வசதி கூடத்தான். இருந்தாலும் வெய்ன் அவெனியூவின் பழைய கட்டடத்தைத்தான் நான் அதிகம் நினைப்பது. அதில் இப்போது சின்ன வகுப்புப் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

பிளேயருக்கு 2025இல் நூறு வயதானது. உடுவிலுக்கு அதற்கு முந்திய வருடம் இருநூறு. சங்கத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அந்த முதிய அம்மா வாய் திறந்திருக்காவிட்டால் நான் பெயர்ப்பலகையோடு நின்றிருப்பேன். 1995இல் உடுவிலிலிருந்து நடந்து போன மாணவிகள் இப்போது கனடாவிலும் லண்டனிலும் ஒஸ்ரேலியாவிலும் இருக்கிறோம். அந்த வருடம் எந்த வகுப்பில் படித்தீர்கள், எந்தப் பாதையால் போனீர்கள், அடுத்த பள்ளி எது, அங்கே உங்களை எப்படிச் சேர்த்தார்கள் என்பதை எழுதி மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள். எழுத நேரமில்லாதவர்கள் குரலில் பதிந்து அனுப்பினாலும் போதும், தட்டச்சு செய்யும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.