வெப்பத்தில் ஓடும் காரும் வாய்மொழிப் பரீட்சையும்

தேசிய தொழிற்தகைமை 4ஆம் மட்டத்துக்கு மோட்டார் வாகனத் துறையில் தோற்றவிருக்கும் மலையகத் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கராஜில் வேலை பழகிய பின், வேலையில் பழகியதையே மதிப்பிட்டு ஏற்கும் 'முன்கற்றலை அங்கீகரிக்கும்' முறையில் விண்ணப்பித்துச் சான்றிதழ் பெற்றவன் நான். இந்த மதிப்பீட்டில் கை வேலை நன்றாகத் தெரிந்தவர்கள்கூட, "ஏன் அப்படிச் செய்தாய்?" என்ற கேள்வியில்தான் தடுமாறுகிறார்கள். அதற்குப் பாடக்குறிப்பை மனனம் செய்வதைவிட, ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு அதை அடிமுதல் நுனிவரை விளங்கிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. நான் எடுத்துக்கொண்டது, நுவரெலியாவில் நின்ற ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் களுத்துறைப் பக்கத்துக் கட்டுக்குருந்த கார்ப் பந்தய ஓடுபாதைக்குத் தயார்செய்த வேலை. மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியில் கார் குளிரில் சிறிது நேரமே ஓடும். கட்டுக்குருந்தவிலோ கடல்மட்ட வெக்கையில் சுற்றுக்குமேல் சுற்றாக ஓட வேண்டும். குளிரூட்டல், பிரேக், டயர் என்று பாடத்திட்டத்தின் பெரும்பகுதி அந்த ஒரு வேலைக்குள் அடங்கிவிடுகிறது.

குளிரூட்டலில் இருந்து தொடங்குங்கள். நுவரெலியாவின் உயரத்தில், ஏறக்குறைய 1,870 மீற்றரில், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி வெளிக்காற்றைவிட 1.1 பார் (அமுக்க அலகு) கூடிய அமுக்கத்தைத் தாங்கினால் வெறும் தண்ணீரின் கொதிநிலைகூட இங்கே 118 பாகை அளவுக்கும், கடல்மட்டத்தில் 122 பாகை அளவுக்கும் உயரும். ஆகவே மூடியின் இறப்பர் வெடித்திருந்தால் கூலன்ட் (என்ஜினைக் குளிரூட்டும் திரவம்) எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை; மூடியை அமுக்கமானியால் சோதித்துக் காட்டுவது செய்முறையில் நல்ல பெயரைத் தரும். அடுத்து, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சருக்கும் (ஏசியின் வெப்பத்தை வெளிவிடும் பகுதி) ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை டோர்ச் அடித்துப் பாருங்கள். தோட்டப் பாதைகளில் ஓடிய காரில் அந்த இடுக்கு முழுவதும் சேறும் பூச்சிச் செட்டைகளும் காய்ந்து அடைத்திருக்கும். முன்பக்கத்தை மட்டும் கழுவி விட்டவருக்கு அது கண்ணில் படாது.

தேர்மோஸ்டாட்டை (சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வை) கழற்றிவிட்டால் என்ஜின் சூடாகாது என்பது நம் ஊர் கராஜ்களில் வேரூன்றிய நம்பிக்கை. மதிப்பீட்டாளர்கள் இதை விரும்பிக் கேட்பார்கள். பல என்ஜின்களில் தேர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு, ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் பைபாஸ் வழியை மூடுகிறது. அதைக் கழற்றிவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்க, சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே என்ஜினுக்குத் திரும்பிவிடும். அதாவது, குளிரச் செய்வதாக எண்ணிச் செய்த வேலையே கடும் ஓட்டத்தில் சூட்டைக் கூட்டும். இந்த ஓட்டத்தைத் தாளில் படமாக வரைந்து பழகினால், வாய்மொழிக் கேள்விக்குப் பதில் தானாகவே வரும்.

பிரேக்கில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். றம்பொடைக் கணவாயில் இறங்கும் லொறிகளின் பிரேக் கருகும் மணம் நமக்குப் பழக்கமானது. பந்தயத் தடத்தில் நடப்பதும் அதே விடயம்தான், வேகம் மட்டும் அதிகம். பெடல் மெத்தென்று தரைவரை இறங்கினால் பிரேக் ஒயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகியிருக்கிறது. பெடல் கல்போல் உறுதியாக இருந்தும் கார் நிற்காவிட்டால், பேட் (உராய்ந்து சக்கரத்தை நிறுத்தும் பிரேக் கட்டை) தன் வெப்ப எல்லையைத் தாண்டி உராய்வை இழந்திருக்கிறது. முதலாவதற்குப் பேட் மாற்றுவதும், இரண்டாவதற்கு ஒயில் மாற்றுவதும் வீண் செலவு. பிரேக் ஒயிலின் தர வகைகளில் ஒன்றான டொட் 4 ஒயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை, 3.7 சதவீத நீர் கலந்தபின் அந்தக் குறைந்தபட்சம் 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால், மூடுபனி சூழ்ந்த நம் ஊரில் பாதி தீர்ந்த போத்தலை அலுமாரியில் வைத்திருந்து ஊற்றுவது கூடாது. டொட் 5.1ஐ டொட் 4 உடன் கலக்கலாம். சிலிக்கன் வகையான டொட் 5ஐ இவற்றில் எதனோடும் கலக்கக்கூடாது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் கேள்வியாக வருவதற்கு வாய்ப்பு உண்டு.

டயரில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குளிரில் அடித்த காற்று வெக்கையில் அமுக்கம் கூடும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் மானி காட்டுவது வெளிக்காற்றை விட எவ்வளவு அதிகம் என்பதைத்தான். நுவரெலியாவில் 15 பாகையில் 30 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அடித்துக் கீழே இறக்கினால், வெளி வளியமுக்கம் சுமார் 3 பிஎஸ்ஐ கூடுவதால் வாசிப்பு அவ்வளவு குறையும். 32 பாகை வெக்கை அதில் பெரும்பகுதியை மீட்டுக்கொடுத்துவிடும். கடைசியில் வாசிப்பு 29.5 அளவில் நிற்கும். ஆகவே மேலே அடித்த கணக்கை நம்பாமல், தடத்திலேயே ஓட்டத்துக்கு முன் ஒருமுறையும் சூடேறி வந்தவுடன் ஒருமுறையும் அளந்து, இரண்டையும் குறித்து வைக்க வேண்டும்.

மதிப்பீட்டுக்குக் கொடுக்கும் சான்றுக் கோவையில் அந்தக் குறிப்புத்தாளையும் சேருங்கள். திகதி, வெளி வெப்பநிலை, மாற்றிய ஒயிலின் வகை, டயர் அளவீடுகள், சக்கர நட்டுகளை இறுக்கிய டோர்க் (முறுக்கு விசை) ஆகியவற்றை வேலை நடக்கும்போதே எழுதிய தாள், கிறீஸ் கறை படிந்திருந்தாலும் பரவாயில்லை. பின்னர் அழகாகப் பிரதி எடுத்ததைவிட அதையே மதிப்பீட்டாளர் நம்புவார். கேள்விகளையும் பெரும்பாலும் அதிலிருந்தே தொடங்குவார்.