ஒரே எழுத்தில் ஒரு முட்டை

ஜெர்மனில் முட்டைக்கு 'ஐ' என்று பெயர். அவ்வளவுதான். எழுத இரண்டு எழுத்து, சொல்ல ஒன்று. பன்மை இன்னும் மோசம்: காதில் கிட்டத்தட்ட 'ஐயா' என்றே விழும். கடைக்காரரிடம் முதல் தடவை "பத்து ஐயா" கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இங்கே ஆஃப்பாயில் மாதிரிப் போடுவதற்குப் பெயர் கண்ணாடி முட்டை, முகம் பார்க்கிற கண்ணாடி. பொடிமாஸ் என்றால் கிளறின முட்டை. வெள்ளைக்கருவுக்கும் புரதத்துக்கும் ஒரே சொல், 'ஐவைஸ்'. ஜிம் டப்பா முழுக்க அதுதான். முதலில் எல்லாம் முட்டைப்பொடி என்றே நினைத்தேன்.

நான் எழுதிய அறிக்கையைப் பார்த்து அலுவலகத்தில் ஒருவர், "இது முட்டையின் மஞ்சள் இல்லை" என்றார். சுமார்தான் என்று அர்த்தமாம். பேச்சுவழக்கில் காசுக்கும் முட்டை என்பார்கள், ஐம்பது யூரோ என்றால் ஐம்பது முட்டை. இன்னொரு அர்த்தமும் உண்டு, ஆண்கள் சம்பந்தப்பட்டது, விட்டுவிடுகிறேன்.

லத்தீன் 'ஓவும்' இதற்குத் தூரத்துச் சொந்தம். பழைய ஆங்கிலத்திலும் ஜெர்மன் போலத்தான் இருந்தது. 'எக்' வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டது. இங்கிலாந்தில் முதலில் அச்சகம் போட்ட காக்ஸ்டன் 1490இல் ஒரு கதை சொல்கிறார்: வணிகர் ஒருவர் 'எக்' கேட்க, அந்த வீட்டம்மா, "எனக்கு பிரெஞ்சு தெரியாதுங்க" என்றாராம். கூட இருந்தவர் பழைய சொல்லில் 'ஐரென்' என்று கேட்ட பிறகுதான் புரிந்ததாம்.

அந்தம்மாவுக்கு எங்கள் தெருக் கடையில் சிரமமே இருந்திருக்காது.